ஆல்புகெர்க்கிக்குப் புதிதா? தண்டவாளத்திலிருந்து தொடங்குங்கள்

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் உள்ள ஆல்புகெர்க்கிக்குப் புதிதாக வருகிறவர்களை எல்லாரும் முதலில் ஓல்ட் டவுனுக்குத்தான் அனுப்புவார்கள். ஒரு சதுக்கம், 1793இல் கட்டிய சான் ஃபெலிப்பே தே நேரி தேவாலயம், மண்சுவர்க் கடைகள், வாசல்தோறும் தொங்கும் சிவப்பு மிளகாய்ச் சரம். அழகான இடம்தான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் அங்கே தொடங்கினால் இந்த நகரம் ஏன் இப்படிப் பரந்து கிடக்கிறது, நகர மையம் ஏன் அங்கிருந்து தள்ளி இருக்கிறது என்பது பிடிபடாது. தண்டவாளத்திலிருந்து தொடங்குங்கள் என்பதுதான் என் யோசனை. ஓல்ட் டவுனைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

முதலில் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்பானியர்கள் 1706இல் ரியோ கிராண்டே ஆற்றங்கரையில் அமைத்த சிற்றூர் இது. 1880 ஏப்ரலில் அட்சிசன், டொப்பீக்கா அண்டு சான்டா ஃபே ரயில்வே இங்கே வந்து சேர்ந்தது. பெயர் நீளம், அதனால் எல்லாரும் சான்டா ஃபே ரயில்வே என்றே சொல்வார்கள். பாதை பழைய ஊருக்குள் நுழையாமல் ஏறத்தாழ 2 மைல் கிழக்கே தள்ளிப் போனது. ஜெர்மனியிலிருந்து வந்து இங்கே வணிகம் செய்துகொண்டிருந்த ஃபிரான்ஸ் ஹூனிங்கும் அவருடைய கூட்டாளிகளும் நிலையம் வரப்போகும் இடத்தைச் சுற்றி முன்கூட்டியே நிலம் வாங்கிப் போட்டிருந்தார்கள். மனை வியாபாரம் எந்த ஊரிலும் ஒரே மாதிரிதான். நிலையத்தைச் சுற்றி 'நியூ டவுன்' முளைத்தது. வங்கி, ஓட்டல், கடை எல்லாம் அங்கே போய்விட்டன. பழைய ஊர் ஓரமாக ஒதுங்கி நின்றது. 1949இல்தான் அதை நகர எல்லைக்குள் சேர்த்தார்கள். பாட்டியைப் பேத்தி தத்தெடுத்த கதை.

சரி, இனி நடக்கலாம்.

முதல் படி: முகவரி படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

சென்ட்ரல் அவென்யூ கிழக்கு மேற்காக ஓடுகிறது, தண்டவாளம் வடக்கு தெற்காக. இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில்தான் நகரம் நான்காகப் பிரிகிறது. அதனால்தான் ஒவ்வொரு முகவரியின் வாலிலும் என்டபிள்யூ, என்ஈ, எஸ்டபிள்யூ, எஸ்ஈ என்று இரண்டெழுத்து ஒட்டியிருக்கும். அந்த இரண்டெழுத்தை விட்டால் போச்சு. முதல் தடவை பழைய ரயில் பட்டறையைப் பார்க்கக் கிளம்பியபோது, '1100, 2ஆம் தெரு' என்று மட்டும் போனில் தட்டிவிட்டுப் புறப்பட்டேன். நான் போகவேண்டியது தென்மேற்கு. போன் கூட்டிக்கொண்டு போனது வடமேற்கு. ஒரு கம்பிவேலி முன்னால் வண்டியை நிறுத்திவிட்டு, பட்டறை எங்கே என்று கால்மணி நேரம் தேடிக்கொண்டிருந்தேன். தப்பு என்னுடையதுதான்.

தண்டவாளத்துக்கு மேற்கே 1ஆம் தெரு, அப்புறம் 2, 3, 4 என்று எண்கள் ஏறிக்கொண்டே போகும். சென்ட்ரலுக்குத் தெற்கே வரிசையாகக் கோல்டு, சில்வர், லெட், கோல், வடக்கே காப்பர். தங்கம், வெள்ளி, ஈயம், நிலக்கரி, செம்பு. 1880இல் புதிய ஊரை அளந்து மனை பிரித்தவர் வால்டர் மார்மன் என்ற பொறியாளர். அந்தத் தெருப் பெயர்களைப் பார்த்தாலே ரயில் எதைக் கொண்டுவரும், எதை ஏற்றிப்போகும் என்று அன்றைக்கு ஊர் கணக்குப் போட்டது தெரியும். சென்ட்ரலுக்கே முதல் பெயர் ரெயில்ரோடு அவென்யூதான்.

இரண்டாம் படி: 1ஆம் தெருவும் சென்ட்ரலும் சந்திக்கும் மூலை

காலை வெயில் ஏறுமுன் இங்கே வந்துவிடுங்கள். இந்த ஊர் கடல்மட்டத்துக்கு 5,000 அடிக்கும் மேலே இருக்கிறது. காற்று வறண்டது, வேர்ப்பது தெரியாது, தலைவலி வந்த பிறகுதான் தண்ணீர் குடிக்கவில்லையே என்று நினைவு வரும். தண்ணீர்ப் புட்டியும் தொப்பியும் கட்டாயம். நகரப் பேருந்துகளில் கட்டணம் கிடையாது. சென்ட்ரல் நெடுக ஓடும் பேருந்தில் ஏறி இங்கே இறங்கலாம்.

இந்த மூலையில் நிற்கும் வளைவுகளும் கோபுரமும் கொண்ட கட்டடத்தைப் பார்த்துப் பழைய ரயில் நிலையம் என்று ஏமாறாதீர்கள். இது ஆல்வரடோ போக்குவரத்து மையம், 2002இல் வந்தது. இது யாருடைய சாயலில் கட்டப்பட்டதோ, அந்தக் கட்டடம்தான் இந்த ஊரின் பெரிய துக்கம்.

1902இல் இதே இடத்தில் ஆல்வரடோ ஓட்டல் திறந்தது. சார்லஸ் விட்டில்சி வரைந்தது. பழைய ஸ்பானிய மிஷன் தேவாலயங்களின் சாயலில் தூண்கள் தாங்கிய நீண்ட நடைகள், கோபுரங்கள், உள்முற்றங்கள். நடத்தியது ஃபிரெட் ஹார்வி நிறுவனம். ஹார்வி 1876இல் டொப்பீக்கா ரயில் நிலையத்தில் ஒரு உணவுக்கூடத்தோடு தொடங்கியவர். இந்த ரயில்வேயின் வண்டிகளில் உணவு பரிமாறும் பெட்டி இல்லாத காலம் அது. நிற்கிற கொஞ்ச நேரத்தில் கிடைத்த கெட்டுப்போன இறைச்சியை விழுங்கிவிட்டு ஓடிவந்து ஏறிய பயணிகளுக்கு, வெள்ளை விரிப்பு போட்ட மேசையில் சூடாகப் பரிமாறினார். 1883இல் இதே மாநிலத்தின் ராட்டன் ஊரில் ஆண் பரிமாறுநர்களை நீக்கிவிட்டு இளம்பெண்களை வேலைக்கு வைத்தார். கறுப்பு உடை, வெள்ளை ஏப்ரன் அணிந்த அந்தப் பெண்களுக்கு 'ஹார்வி கேர்ள்ஸ்' என்றே பெயர் விழுந்தது. வீட்டைவிட்டு வெகுதூரம் வந்து, சொந்தச் சம்பளத்தில் வாழ்ந்த ஒரு தலைமுறைப் பெண்கள் அவர்கள். ஆல்வரடோ திறந்தபோது ஹார்வி உயிரோடு இல்லை, 1901இலேயே இறந்துவிட்டார்.

ஓட்டலுக்கும் ரயில் நிலையத்துக்கும் நடுவில் 'இந்தியன் பில்டிங்' என்று ஒரு கட்டடம் இருந்தது. உள்ளலங்காரம் மேரி கோல்ட்டர். வண்டியிலிருந்து இறங்கி ஓட்டலுக்குப் போகிற பயணி இதைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்த ஏற்பாட்டில் ஒரு வியாபாரிக்குரிய சாமர்த்தியம் இருக்கிறது. உள்ளே நவஹோ பூர்வகுடிப் பெண்கள் தறியில் நெய்துகொண்டிருப்பார்கள், ஆண்கள் வெள்ளி தட்டிக்கொண்டிருப்பார்கள். அவர்களில் பெயர் பெற்றவர் கனாடோ ஊரைச் சேர்ந்த 'எல்' என்ற நெசவாளர். 1903இல் குடியரசுத் தலைவர் தியடோர் ரூஸ்வெல்ட் வந்தபோது அவருக்குக் கொடுத்த போர்வையை நெய்தவர் இவர்தான். சுற்றுலாப் பயணிகளின் கைக்கும் பைக்கும் ஏற்றபடி எடை குறைந்த வெள்ளி நகைகள் செய்யும் வழக்கத்தை வளர்த்ததும் ஹார்வி நிறுவனமே. இன்றைக்கு ஓல்ட் டவுன் நடைகளில் விற்கிற அம்பும் இடிப்பறவையும் பதித்த காப்புகளின் வம்சம் இங்கிருந்து வருகிறது. இந்தக் கட்டடத்தை வெறும் கலைக்கூடமாக நினைக்க எனக்கு மனம் வருவதில்லை. நெய்கிறவரையே காட்சிப்பொருளாக உட்காரவைத்த இடமும் அதுதான்; பல குடும்பங்களுக்குக் கையில் காசு கொடுத்த இடமும் அதுதான்.

1970இல் ஆல்வரடோவை இடித்தார்கள். அப்புறம் முப்பது வருடத்துக்கும் மேல் இந்த இடம் பெரும்பாலும் வண்டி நிறுத்துமிடமாகவே கிடந்தது. எஞ்சியிருந்த பழைய நிலையக் கட்டடம் 1993இல் தீயில் போனது. ஊரில் பழைய கட்டடங்களைக் காப்பாற்றவேண்டும் என்று ஆட்கள் கிளம்பியது ஆல்வரடோ விழுந்த பிறகுதான். வயதான ஊர்க்காரர்களிடம் 'ஆல்வரடோ' என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறும்.

மூன்றாம் படி: சென்ட்ரலில் மேற்கே நான்கைந்து தெரு

இது சின்ன நடை. 5ஆம் தெருவில் கீமோ திரையரங்கம் நிற்கிறது, 1927. கட்டியவர் ஒரெஸ்தே பக்கேக்கி, இத்தாலியிலிருந்து வந்தவர். 1885இல் தண்டவாளம் பக்கத்தில் கூடாரம் போட்டுத் தொழில் தொடங்கியவர். கூடாரத்திலிருந்து நாற்பது வருடத்தில் இந்த அரங்கம். உள்ளே எருமை மண்டையோட்டு வடிவ விளக்குகள், கண்ணில் மஞ்சள் ஒளி. 'கீமோ' என்ற பெயரைத் தந்தவர் இஸ்லெட்டா பூர்வகுடியின் தலைவர் பாப்லோ அபெய்ட்டா. அதற்கு 50 டாலர் பரிசும் வாங்கினார். நிகழ்ச்சி இல்லாத நேரத்தில் உள்ளே பார்க்க அனுமதி உண்டா என்று டிக்கெட் கவுன்ட்டரில் கேளுங்கள்.

வரும் வழியில் 4ஆம் தெரு முனையில் ஒரு நிமிடம் நில்லுங்கள். ரூட் 66 நெடுஞ்சாலை 1937 வரை 4ஆம் தெரு வழியாக வடக்கு தெற்காகப் போனது. அதற்குப் பிறகு சென்ட்ரல் வழியாகக் கிழக்கு மேற்காக. ஒரே சாலை தன்னையே குறுக்கே வெட்டிக்கொள்ளும் இடம் இது. அதே 1937இல்தான் சென்ட்ரலைத் தண்டவாளத்துக்கு அடியில் இறக்கிச் சுரங்கப்பாதை போட்டார்கள். ரயிலுக்காகக் காத்து நின்ற கார்கள் ரயிலுக்குக் கீழே புகுந்து போகத் தொடங்கின. ஊரின் முதலாளி மாறிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நேரம் இருந்தால் அந்தச் சுரங்கப்பாதை வழியாகக் கிழக்கே போய் ஹூனிங் ஹைலண்ட் பகுதியை எட்டிப் பாருங்கள். மண்சுவர் ஊரில் திடீரென்று செங்கல்லும் அறுத்த மரமும் கொண்ட விக்டோரியா பாணி வீடுகள். அந்தப் பொருள்கள் எல்லாம் ரயிலில் வந்தவை. ஆர்னோ தெரு, ஹூனிங்கின் மகன் பெயர். காசநோய்க்கு மருந்து இல்லாத நாளில், வறண்ட காற்றே மருந்து என்று நம்பி ஆயிரக்கணக்கானோர் ரயிலேறி வந்து இறங்கியதும் இந்தக் கிழக்குப் பக்கத்து மேட்டில் இருந்த சானடோரியங்களுக்குத்தான்.

நான்காம் படி: பரேலாஸும் ரயில் பட்டறையும்

ஒருநாளில் ஒரே ஒரு இடம் பார்க்கத்தான் நேரம் இருக்கிறது என்றால், மற்றதை விட்டுவிட்டு இங்கே வாருங்கள். மே முதல் அக்டோபர் வரை ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே சந்தை கூடும். அந்த நாளாகப் பார்த்து வருவது நல்லது. மற்ற நாளில் வேலிக்கு வெளியே நின்றுதான் பெரும்பாலும் பார்க்கவேண்டி வரும்.

முகவரி 1100, 2ஆம் தெரு, எஸ்டபிள்யூ. (அந்த எஸ்டபிள்யூ!) சுமார் 27 ஏக்கர். ரயில் வந்த காலத்திலேயே இங்கே பட்டறை உண்டு. இப்போது நிற்கும் பெரிய கட்டடங்கள் 1914க்குப் பிறகு பத்துப் பதினோரு வருடத்தில் எழுந்தவை. நீராவி இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும் பொருள் அல்ல. இவ்வளவு மைல் ஓடியதும் அதைப் பட்டறைக்குக் கொண்டுவந்து, சக்கரத்தைக் கழற்றி, கொதிகலனைத் தனியாகத் தூக்கி, உள்ளே உப்பு படிந்த குழாய்களை உருவி, தேய்ந்ததை வார்த்து, அடித்து, கடைந்து, திரும்பக் கோர்க்க வேண்டும். இதற்கென்று சான்டா ஃபே ரயில்வே வைத்திருந்த நான்கு பெரிய பட்டறைகளில் இது ஒன்று. 1919இல் நகரத்தின் உழைப்பாளிகளில் கால்வாசிப் பேர் இங்கேதான் வேலை செய்தார்கள். உச்சத்தில் 1,500 பேர் வரை.

சந்தை கூடுவது கொல்லுப்பட்டறையில், 1917இல் கட்டியது. உள்ளே நுழைந்ததும் கடைகளைப் பார்க்காதீர்கள், முதலில் மேலே பாருங்கள். இரும்புச் சட்டங்கள், சுவர் முழுக்கச் சின்னச் சின்னக் கண்ணாடிச் சதுரங்கள்; சில உடைந்து, சில மங்கி, சில பலகை அடைத்து. மின்விளக்கை நம்பாமல் பகல் வெளிச்சத்திலேயே வேலை நடக்க வேண்டும் என்பதற்காக வைத்த கண்ணாடி. காலை பத்தரை மணிக்கு வெயில் சரிந்து இறங்கும்போது, நெருப்பும் புகையும் நிறைந்திருந்த அந்தக் கூடத்தில் லாவெண்டர் சோப்பும் பச்சை மிளகாய் ஜாமும் விற்றுக்கொண்டிருப்பார்கள். ஒரு கிழவர் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தார் ஒருமுறை. ஒலி கூரையில் முட்டித் திரும்பி வர ஒரு நொடி ஆனது. அவ்வளவு உயரம்.

அங்கிருந்து தெரிகிற எல்லாவற்றிலும் பெரியது இயந்திரக்கூடம், 1921. பரப்பளவு 1,65,000 சதுர அடி. முழு இன்ஜினையே தூக்கி, கீழே நிற்கிற மற்ற இன்ஜின்களின் தலைக்கு மேலாகக் கொண்டுபோகிற கிரேன்கள் ஓடிய கூடம். வேலி இடுக்கு வழியாகப் பார்த்தாலும் கண்ணாடிச் சுவரின் நீளம் தெரியும். 1920இல் மணற்கல்லால் கட்டிய தீயணைப்பு நிலையத்தையும் விட்டுவிடாதீர்கள்; சின்னக் கட்டடம், ஆனால் எனக்குப் பிடித்தது அதுதான்.

இவ்வளவும் ஏன் ஓய்ந்தது? டீசல். டீசல் இன்ஜினுக்கு உதிரிபாகம் தொழிற்சாலையிலிருந்து பெட்டியில் வரும். கழற்றி மாட்டினால் போதும். கொல்லனும் கொதிகலன்காரனும் தேவையில்லை. 1950களில் இன்ஜின் வேலை நின்றது. மிச்சமிருந்த சில்லறை வேலைகள் 1990கள் வரை நீடித்தன. 2007இல் நகராட்சி இடத்தை வாங்கியது.

பட்டறையைச் சுற்றியுள்ள குடியிருப்பு பரேலாஸ். ரயிலுக்கு முன்பே ஆற்றைக் கடக்கும் துறையில் இருந்த ஸ்பானிய உழவர் கிராமம் இது. அப்பா கொதிகலன் பிரிவு, மகன் இயந்திரப் பிரிவு என்று தலைமுறைகள் பட்டறையிலேயே கழிந்தன. சங்கு ஊதினால்தான் ஊருக்கு மணி. ஆல்புகெர்க்கிக்கு மேற்கே இருக்கும் லகூனா பூர்வகுடியின் கதை வேறு. 1880இல் அவர்களுடைய நிலத்தின் வழியாகப் பாதை போட்டபோது, நிலத்துக்கு ஈடாகத் தங்கள் ஆட்களுக்கு ரயில்வேயில் வேலை வேண்டும் என்று உடன்பாடு செய்துகொண்டார்கள். அந்த வாய்ப்பில் போன குடும்பங்கள் கலிபோர்னியாவின் ரிச்மண்ட் வரை, பழைய சரக்குப் பெட்டிகளை வீடாக்கிக்கொண்டு வாழ்ந்தன.

பசித்தால் 4ஆம் தெருவுக்கு நடங்கள். "சிவப்பா, பச்சையா?" என்று கேட்பார்கள், எந்த மிளகாய்ச் சாறு ஊற்ற என்று அர்த்தம். இரண்டும் வேண்டுமென்றால் "கிறிஸ்மஸ்" என்று சொல்லுங்கள். சைவக்காரர்கள் ஒரு விஷயம் கவனியுங்கள்: பச்சை மிளகாய்க் குழம்பிலும் பீன்ஸிலும் பன்றி இறைச்சியோ கொழுப்போ இருக்கக்கூடும். கூச்சப்படாமல் கேட்டுவிட்டு வாங்குங்கள். தேன் விட்டுச் சாப்பிடும் சோப்பபீயா பூரிக்கு ஒன்றுவிட்ட தம்பி. அதையும் எதில் பொரித்தார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சாப்பிட்டபின் கால் மிச்சம் இருந்தால், தெற்கே தேசிய ஹிஸ்பானிக் பண்பாட்டு மையம். அங்குள்ள வட்டக்கோபுரத்தின் உட்சுவரில் ஃபிரெடரிகோ விகில் ஈரச்சுண்ணத்தில் வரைந்த சுவரோவியம் சுமார் 4,000 சதுர அடி. எல்லா நாளும் திறப்பதில்லை, முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: 2926

இதை வேறொரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். 2926 என்பது ஒரு நீராவி இன்ஜினின் எண். 1944இல் பால்டுவின் தொழிற்சாலையில் செய்தது. ஓட்டும் சக்கரத்தின் விட்டம் 80 அங்குலம்; பக்கத்தில் நின்றால் உங்கள் தலைக்கு மேலே போகும். 10 லட்சம் மைலுக்கு மேல் ஓடி ஓய்ந்தபின், நகரத்தின் 250ஆம் ஆண்டான 1956இல் ரயில்வே அதை நகரத்துக்குக் கொடுத்தது. பூங்காவில் வெயிலிலும் மழையிலும் நாற்பது வருடத்துக்கு மேல் நின்று துருப்பிடித்தது. 1999இல் ஒரு தன்னார்வக் குழு 1 டாலருக்கு வாங்கி, இருபது வருடத்துக்கும் மேலாகக் கழற்றி, சுரண்டி, பொருத்தி, 2021இல் சொந்த நீராவியில் நகரவைத்தார்கள். ஓய்வுபெற்ற ஆட்கள்தான் பெரும்பாலும். எண்ணெய்க் கறையோடு வந்து, நீங்கள் ஒரு கேள்வி கேட்டால் ஒன்பது பதில் சொல்வார்கள். "கரி வண்டி" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், இது எண்ணெய் எரித்து ஓடுவது. திருத்திவிட்டுத்தான் அடுத்த வார்த்தை பேசுவார்கள். 8ஆம் தெரு என்டபிள்யூவில் அவர்களுடைய இடம். வேலை நடக்கும் நாளில் மட்டுமே திறந்திருக்கும். இன்ஜின் சிலசமயம் வெளியே போவதும் உண்டு. கேட்டுவிட்டுப் போங்கள்.

ஆறாம் படி: ஏறி உட்காருங்கள்

ரயில் ஊரைப் பார்த்துவிட்டு ரயிலில் ஏறாமல் போனால் எப்படி? நாடு தழுவிய பயணிகள் ரயில் நிறுவனமான ஆம்டிராக்கின் சவுத்வெஸ்ட் சீஃப் வண்டி, சிகாகோவுக்கும் லாஸ் ஏஞ்சலஸுக்கும் நடுவே, நாளுக்கு ஒவ்வொரு திசையிலும் ஒரு வண்டி மட்டும். இங்கே கொஞ்சம் அதிக நேரம் நிற்கும். தாமதமாக வருவது சகஜம், அதை நம்பி அன்றைக்கு வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள்.

உள்ளூருக்கு ரெயில் ரன்னர் என்ற பயணிகள் ரயில். 2006இல் தொடங்கி 2008 டிசம்பரில் சான்டா ஃபே நகரம் வரை நீண்டது. ஒன்றரை மணி நேரப் பயணம். சான்டா ஃபே என்று பெயர் வைத்துக்கொண்ட ரயில்வே, மேட்டுக்குப் பயந்து தன் பிரதான பாதையை அந்த ஊருக்குக் கொண்டுபோகாமல் லேமி என்ற ஊரிலிருந்து 18 மைல் கிளைப்பாதை மட்டும் போட்டது என்பதை நினைத்துக்கொண்டே போகலாம். வழியில் பூர்வகுடி நிலங்கள் வரும்போது ஜன்னல் வழியாகப் படம் எடுக்காதீர்கள். அது அவர்கள் கேட்டுக்கொள்வது.

நான் சிபாரிசு செய்வது எதிர்த்திசை: தெற்கே பெலன், பாதையின் கடைசி நிலையம். 1908இல் பெலன் வழியாக ஏற்றம் குறைந்த பாதை திறந்ததும் கடந்துபோகிற சரக்கு வண்டிகள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டன. அங்கே 1910இல் கட்டிய ஹார்வி உணவகம் இடிபடாமல் நிற்கிறது, இப்போது அருங்காட்சியகம். ஆல்வரடோவைப் புகைப்படத்தில் பார்த்துப் பெருமூச்சு விட்டவர்கள், அதே நிறுவனத்தின் கட்டடம் ஒன்றின் வாசற்படியில் இங்கே உட்காரலாம். எதிரே சரக்கு ரயில்கள் போய்க்கொண்டே இருக்கும், பெட்டிகளை எண்ணத் தொடங்கினால் பாதியில் விட்டுவிடுவீர்கள்.

வாரக்கடைசியில் வண்டிகள் குறைவு. திரும்பிவரும் கடைசி வண்டியின் நேரத்தைப் போனில் படம்பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் முன்னால் பிளாட்பாரத்துக்கு வந்துவிடுங்கள். கதவு மூடும்போது "பீப் பீப்" என்று ஒரு சத்தம் வரும். மாநிலப் பறவையான ரோடுரன்னர், கார்ட்டூனில் போடுகிற அதே சத்தம். பக்கத்து இருக்கைக் குழந்தை கட்டாயம் சேர்ந்து கத்தும்.